சேற்றில் பிறந்த சீசன்

நுவரெலியாவில் ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் அணிவகுப்போடு சீசன் தொடங்கும். பிறகு மாதம் முழுக்கக் குதிரைப் பந்தயம், மலையேறும் கார்ப் பந்தயம், மலர்க் கண்காட்சி, இரவானால் இசை நிகழ்ச்சி. எங்கே சுற்றினாலும் கூட்டம் கடைசியில் வந்து சேருவது கிரகரி வாவிக்கரைக்குத்தான். படகுக்கு ஒரு வரிசை, மட்டக்குதிரைக்கு ஒரு வரிசை, அவித்த சோளத்துக்கு ஒரு வரிசை.

அந்த வாவியை இயற்கையானது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிதுருதலாகலையிலிருந்து இறங்கும் ஓடை பள்ளத்தில் தேங்கி, ஒரு காலத்தில் அந்த இடமே சதுப்பாகத்தான் கிடந்தது. 1873இல் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி அதற்கு அணை கட்டுவித்தார். சேறு வாவியானது. 1881இல் லெ மெசூரியர் என்ற அதிகாரி அதில் டிரவுட் மீன் குஞ்சுகளை விட்டார். துரைமார் தூண்டில் போட வேண்டாமா? 1910களில் அதே தண்ணீரைச் சுரங்க வாய்க்கால் வழியாக இறக்கி, நானுஓயாப் பக்கம் பிளாக்பூல் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்தார்கள். ஊருக்கு வெளிச்சம் தந்ததும் வாவித் தண்ணீர்தான்.

சீசனுக்கு விதை அதற்கும் முந்தியது. 1819இல் டொக்டர் ஜோன் டேவி இந்தச் சமவெளிக்கு வந்து, இதன் குளிரைப் பற்றி எழுதினார். அடுத்த பத்தாண்டில் தேசாதிபதி பார்ன்ஸ் இங்கே மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம் அதுதான். 1840களில் காய்ச்சலில் இளைத்துப்போய் உடம்பைத் தேற்ற வந்த சாமுவேல் பேக்கருக்கு ஊர் பிடித்துப்போனது. திரும்பி வரும்போது ஆட்கள், மாடுகள், ஏர்கள் என்று ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய தம்பி ஜோன் மாகஸ்தோட்டையில் பந்தயக் குதிரைகளைப் பழக்கினார். 1875இல் ஜிம்கானா கழகம் முறையான பந்தயம் நடத்தியது. மறுவருடம் ஹில் கிளப் வந்தது. 1885இல் ரயில் நானுஓயா வரை ஏறியதும் கொழும்புத் துரைமாருக்கு மலையேறுவது சுலபமாகிவிட்டது.

ஏன் ஏப்ரல்? அந்த மாதத்தின் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். கொழும்பில் வேர்வை ஆறாக ஓடும். அப்போது 1,868 மீட்டர் உயரத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெள்ளைக்காரனுக்குச் சொர்க்கம். வெயிலுக்குப் பயந்து ஓடிவந்ததுதான் சீசனின் மூலக்கதை; மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. வெள்ளைக்காரன் போனபிறகும் அது நிற்காததற்கு நம்முடைய பஞ்சாங்கம்தான் காரணம் என்பேன். சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் அதே மாதத்தில் வருகிறது, பாடசாலையும் விடுமுறை. துரைமாரின் காலண்டர் மேல் நம்முடைய காலண்டர் அப்படியே பொருந்திவிட்டது. கொழும்பில் 1950களில் குதிரைப் பந்தயம் நின்றுபோனது. இங்கே இன்றும் குதிரை ஓடுகிறது.

கிரகரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொழும்பு நூதனசாலை அவர் உபயம். வடமத்திய மாகாணம் பிரிந்ததும், பழைய குளங்கள் பல திருத்தப்பட்டதும் அவர் காலத்தில்தான். அயர்லாந்துக்காரர். பிற்காலத்தில் அவர் மணந்த அகஸ்டா, அயர்லாந்து நாடகத்துறையில் பெரும் பெயரெடுத்த லேடி கிரகரி. இதெல்லாம் நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. 1847இல் அயர்லாந்து பட்டினியில் கிடந்தபோது, பாராளுமன்றத்தில் ஒரு விதியைச் சட்டத்தில் சேர்க்கவைத்தவர் இவர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்பது அந்த விதி. கஞ்சிக்காக எத்தனையோ குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டன. வரலாறு அதை இன்றும் ‘கிரகரி விதி’ என்றே அழைக்கிறது.

கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச்சஸ். அவர் பெயர் தாங்கிய வாவியைச் சுற்றியுள்ள மலைகளில் வீடு கட்ட 7 பேர்ச்சஸ் தருவதா, 10 பேர்ச்சஸ் தருவதா என்று தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் மக்களிடம் இந்த நூற்றாண்டில்கூடப் பேரம் பேசினார்கள்.

அந்த மக்கள் இந்தக் கதைக்குள் எங்கே? சீசன் பிறந்த அதே வருடங்களில்தான் மலையில் கோப்பி பூஞ்சண நோயில் செத்து, தேயிலை தலையெடுத்தது. 1876இல் தொடங்கிய பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்திலிருந்து கூட்டங்கூட்டமாக ஜனங்கள் கடல் தாண்டினார்கள். பந்தயத் திடலில் துரைசானிமார் குடைபிடித்து நின்றது அவர்கள் உழைப்பில் விளைந்த பணத்தில்தான். இப்போதும் சித்திரையில் அயர்ன் பண்ணிய சட்டையோடு தோட்டத்து இளசுகள் வாவிக்கரைக்கு வரத்தான் செய்கிறார்கள். ஆனால் பங்குனி வறட்சி முடிந்து மழை விழுந்து கொழுந்து பெருகும் பருவமும் அதுவே. நகரம் கொண்டாடும்போது மலையில் கூடை நிறைந்துகொண்டிருக்கும்.

விழா என்றால் அவர்களிடமும் இருக்கிறது. மாசி வளர்பிறையில் கம்பம் நட்டு, இரவிரவாகத் தப்படித்து, ரதிக்கும் மதனுக்கும் வேடம் கட்டி, கடைசியில் காமனை எரிக்கும் காமன் கூத்து. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தது. துரையின் பணம் இல்லாமல், அரசின் அனுசரணை இல்லாமல், தோட்டம் தோட்டமாகத் தானே நின்று பிடித்தது. எரிப்பதற்குக் காமன், அழுவதற்கு ரதி, பார்ப்பதற்கு முழுத் தோட்டம். நடிப்பவனும் பார்ப்பவனும் ஒரே லயத்துக்காரன் என்பதால் இதற்கு நுழைவுச்சீட்டும் கிடையாது. நுவரெலியாவின் பாரம்பரியம் என்று யாராவது பேசினால், மலர்க் கண்காட்சிக்கு முன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பேக்கர் கொண்டுவந்தது ஒரு கிராமத்தை; இவர்கள் கொண்டுவந்தது ஊர் ஊராக.

ஆகவே சீசனை நடத்தும் மாநகர சபைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில் வாவிக்கரை மேடையில் ஒரு முழு இரவைக் காமன் கூத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஆடுகிறவர்களுக்கு ஒருநாள் சம்பளத்தையும் போக்குவரத்தையும் கொடுங்கள். மாசியில்தான் ஆடி முடித்திருப்பார்கள், ஒத்திகைகூடத் தேவைப்படாது.