ஏரி நகரான வரலாறு

நாம் வாழும் தெருக்களின் தொகுதியை மஹல்லா என்கிறோம். பொதியை அவிழ்த்துத் தங்கும் இடம் என்பது அந்த அரபுச் சொல்லின் அடிப்படைப் பொருள். பல திசையினரும் அவ்வாறு பொதி அவிழ்த்துக் குடியேறிய இடம் சென்னைத் தியாகராய நகர்.

அவிநாசிபாளையம், திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து பனியன் வணிகத்தின் பொருட்டு அங்குச் செல்லும் நம்மவர் பலர். உஸ்மான் சாலையில் நடந்து திரும்பும் அவர்களிடம், அந்த உஸ்மான் யார் என வினவினால் விடை கூறுவோர் அரியர். ஆகவே அவ்வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம்.

நூறாண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் இருந்தது ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி அது நீண்டு கிடந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை இன்றும் அதற்குச் சான்று. நகரில் மக்கள் பெருகவே, வீட்டு மனைகளுக்கு இடம் தேவைப்பட்டது. 1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் பிறந்தது. 1923ஆம் ஆண்டளவில் ஏரியை வடித்து மனைகளாக்கும் பணி தொடங்கிற்று. நடுவே பூங்கா, அதனைச் சூழ அகன்ற சாலைகள், தோட்டத்துடன் கூடிய வீடுகள் எனத் திட்டமிட்டு அமைத்தனர்.

அப்போது நடந்தது நீதிக்கட்சி ஆட்சி. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை நகர் ஏற்றது. முதல் மந்திரியாயிருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்கா ஏற்றது. சாலைகளுக்குப் பெயர் தந்தோருள் நம் சமுதாயப் பெருமக்களும் உளர்.

சர் முகமது உஸ்மான் நாட்டு மருத்துவம் பற்றி ஆராய 1921இல் அமைந்த குழுவின் தலைவர். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தோன்ற அக்குழுவே வழிகோலிற்று. 1934இல் சில திங்கள் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஹபீபுல்லா சாலைக்குரிய சர் முகமது ஹபீபுல்லா, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நலன் குறித்துப் பேசச் சென்ற தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர். 1927ஆம் ஆண்டு கேப்டவுன் உடன்பாடு அதன் விளைவு.

இன்றோ பழைய வீடுகள் பல கடைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டன. ஊர்ப் பெயரும் தி. நகர் எனச் சுருங்கிற்று. 2021 நவம்பர் மழையில் அத்தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது பலர் வியந்தனர். தாழ்ந்த நிலத்தை நாடுவது நீரின் இயல்பு. அது பழைய இடத்திற்கே வந்தது. ஏரியை மறந்ததற்கு நாம் தந்த விலை அது. பெரியோரை மறப்பதற்குரிய விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. மக்கள் பணியில் நமக்கும் பங்குண்டு என்பதை அறியாமலே நம் பிள்ளைகள் வளர்ந்துவிடுவர்.

அடுத்த முறை பெருநாள் துணி வாங்க அங்குச் செல்லும் அன்பர்கள், சாலைப் பலகையைச் சுட்டி அப்பெயருக்குரியவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு சொல் கூறுவார்களாக.