பன்றித் தலையும் தேக்குப் பலகையும்



போன மாதம் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா செல்போனும் கையுமாக வீட்டுக்கு வந்தார். மரச் சிற்ப வேலை செய்பவர். மகன் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே மருமகளின் பிரசவ சமயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் தாயாய் நின்று பார்த்துக்கொண்டாராம். கேம்பெல் குலத்தில் பிறந்தவர்.

"அவங்க குடும்பச் சின்னத்தைத் தேக்குல செதுக்கி அனுப்பணும் சார். பையன் இன்டர்நெட்ல எடுத்து அனுப்பியிருக்கான். இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எழுத்தைப் பார்க்கப் போய், ஒரு வரலாற்றுப் பாடமே படித்துவிட்டேன்.

படத்தில் ஒரு கேடயம். அதன் இரண்டு கட்டங்களில் பொன்னும் கறுப்பும் மாறி மாறி எட்டுக் கூறுகள். மற்ற இரண்டில் பாய் சுருட்டிய கப்பல். கேடயத்துக்கு மேல் தலைக்கவசம், அதன் உச்சியில் காட்டுப்பன்றித் தலை. மொத்தப் படத்தையும் 'கிரெஸ்ட்' என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் உச்சியில் இருக்கும் பன்றித் தலை மட்டுமே கிரெஸ்ட்.

அந்தக் கேடயம் கேம்பெல் குலத் தலைவரான ஆர்கைல் கோமகனுடையது. பாட்டியுடையது அல்ல! ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஒரே பெயருள்ள குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது. சின்னம் ஒருவருக்கு உரியது. அவருக்குப் பின் வாரிசுக்குப் போகும். கூடப்பிறந்த தம்பிகூட ஏதாவது ஒரு வேறுபாட்டைச் சேர்த்துத் தன் பெயரில் பதிய வேண்டும். இதற்கென்றே எடின்பரோவில் லார்டு லயன் நீதிமன்றம் இருக்கிறது. 1672-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பதிவேடு இன்றும் நடப்பில் உள்ளது. பிறர் சின்னத்தைத் தனதென்று வைத்துக்கொள்பவர் மீது வழக்குத் தொடுக்கத் தனி அதிகாரியும் உண்டு. ஆசையாய்க் கொடுக்கும் பரிசு பாட்டியைச் சங்கடத்தில் தள்ளியிருக்கும்.

அப்படியானால் குலத்தில் பிறந்த மற்றவர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தலைவரின் கிரெஸ்ட்டைச் சுற்றி பெல்ட் போல ஒரு வார், அதற்கொரு பக்கிள், வாரின் மேல் தலைவரின் குறிக்கோள் வாசகம். 'நான் தலைவன் அல்ல, தலைவனைச் சேர்ந்தவன்' என்பது அதன் பொருள். அந்த வடிவத்தைத்தான் செதுக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரு சின்னத்தை நிர்ணயிப்பது படம் அல்ல, சொற்கள். 'ஓர்' என்றால் பொன்; 'சேபிள்' என்றால் கறுப்பு. பழைய பிரெஞ்சு வழி வந்த சொற்கள் இவை. பன்றித் தலை பொன்னிறம், கழுத்தோடு நேராக வெட்டப்பட்டது என்ற வருணனை மாறக் கூடாது. மற்றபடி கோரைப் பல்லும் பிடரி மயிரும் செதுக்குபவரின் கைவண்ணம்.

இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பன்னி நம்ம பன்னிதான்!" என்று சிரித்தார்.

கடைசியாக, அவர் கேட்டு வந்த கேள்விக்கு வந்தேன். 'நே ஒப்லிவிஸ்காரிஸ்'. லத்தீன் மொழி. 'மறவாதே' என்று பொருள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தம்மாவுக்கு நாங்க சொல்ல நெனச்சதும் அதுதான் சார். மறக்க மாட்டோம்னு" என்றார்.

வேலை நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் படம் போடுகிறேன்.