உருளையும் எந்திரமும்: பற்றவைப்புக் கருவிகளின் வாடகை வரலாறு

உலோகங்களைப் பற்றவைக்கும் தொழிலின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களாலும் காப்புரிமை பெற்ற ஆண்டுகளாலும் ஆனதாகவே எழுதப்பட்டிருக்கிறது. அக்கருவிகள் யாருடைய உடைமையாக இருந்தன, பட்டறைக்காரர் அவற்றை விலைக்கு வாங்கினாரா வாடகைக்கு எடுத்தாரா என்னும் கேள்வி அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் வெல்டிங் என்று பரவலாக வழங்கும் இத்தொழிலில் வாடகை என்பது பிற்காலத்தில் வசதி கருதி வந்து சேர்ந்த ஏற்பாடு அன்று. நுட்பமான குழாய் இணைப்புகளுக்கான விலையுயர்ந்த எந்திரங்களை இன்று வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் வணிகத்தின் வேர், நூறாண்டுகளுக்கு முன் அசிட்டிலீன் வாயுவை அடைத்த எஃகு உருளையில், அதாவது தொழிலாளர் சிலிண்டர் என்றழைக்கும் கலத்தில், இருக்கிறது.

அசிட்டிலீனை எட்மண்ட் டேவி 1836ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தும், அது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1892இல் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் மின்னுலையில் கால்சியம் கார்பைடைப் பெருமளவில் உருவாக்கும் வழியைக் கண்டார். கார்பைடின் மேல் தண்ணீர் பட்டாலே அசிட்டிலீன் வெளிப்படும் என்பதால் அவ்வாயு மலிந்தது. அதனோடு ஆக்சிஜனைக் கலந்து எரித்தால் 3,000 டிகிரி செல்சியசைத் தாண்டும் சுடர் கிடைக்கும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லே ஷாத்தெலியே 1895இல் காட்டினார். இரும்பை உருக்க அந்த வெப்பம் போதுமானதாக இருந்தது. வாயுவைப் பட்டறை வரை கொண்டுசேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்குக்கு மேல் அழுத்தினால், காற்றோ நெருப்போ இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கும் இயல்பு அசிட்டிலீனுக்கு உண்டு. எனவே ஆக்சிஜனைப் போல அதை வெற்று உருளையில் அழுத்தி அடைக்க இயலாது.

இச்சிக்கலைத் தீர்த்த வழியே உருளையை விற்பனைப் பொருளாக இருக்கவிடாமல் செய்தது. அசிட்டோன் என்னும் திரவம் தன் பருமனைப் போலப் பல மடங்கு அசிட்டிலீனைக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பதை ஜார்ஜ் கிளாடும் ஆல்பர்ட் ஹெஸ்ஸும் 1890களின் இறுதியில் கண்டனர். நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை உருளை முழுவதும் திணித்து, அத்துளைகளில் அசிட்டோனை ஊறவைத்தால் வெடிப்பு பரவ இடமிராது என்பது அடுத்துத் தெளிவாயிற்று. அத்தகைய நிரப்புபொருள்களுள் பெயர்பெற்ற ஒன்றைச் சுவீடனின் குஸ்தாவ் டாலேன் உருவாக்கினார். கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கி அடைப்பான்களுக்காக 1912இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அவர், அதே ஆண்டு நேர்ந்த அசிட்டிலீன் வெடிப்பில் பார்வையை இழந்தார். இவ்வாறு அமைந்த உருளைக்குள் என்ன நிலவரம் என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. நிரப்புபொருள் நொறுங்கியிருக்கிறதா, அசிட்டோன் குறைந்திருக்கிறதா என்பதை எடை போட்டும் திறந்து பார்த்தும் சொல்லத் தகுந்தவர் நிரப்பும் நிலையத்தார் மட்டுமே. ஆகவே உருளை அவர்களுடைய சொத்தாகவே நீடித்தது, வாயுவுக்கு மட்டும் பயனாளர் விலை கொடுத்தார்.

இந்த ஏற்பாட்டை முதலில் பெரிய அளவில் நடத்திக்காட்டியது பற்றவைப்புத் தொழில்கூட இல்லை, மோட்டார் வண்டி விளக்கு. கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் ஆலிசனும் கூட்டாளிகளாகச் சேர்ந்து 1904இல் இண்டியானாபொலிசில் தொடங்கி, பின்னர் பிரெஸ்ட்-ஓ-லைட் என்று பெயர்பெற்ற நிறுவனம், வண்டியின் முகப்பு விளக்குக்கான சிறு அசிட்டிலீன் உருளைகளை வழங்கியது. காலியான உருளையைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளும் மாற்று முறையை அது நிறுவியது. தன் பெயர் பொறித்த உருளைகளைப் பிறர் நிரப்பி விற்றபோது நீதிமன்றத்துக்கும் போயிற்று. மின்விளக்கு வந்ததும் வண்டிகளுக்கு அசிட்டிலீன் தேவைப்படாமல் போயிற்று, ஆனால் நிரப்பு நிலையங்களும் முகவர் கடைகளும் உருளைக் கணக்கேடுகளும் அப்படியே இருந்தன, அவை பற்றவைப்புத் தொழிலுக்குப் பயன்பட்டன. 1917இல் அந்நிறுவனம் யூனியன் கார்பைடின் பகுதியாயிற்று.

ஆக்சிஜனின் பாதையும் ஏறக்குறைய இதுவே. பிரிட்டனில் 1886இல் தோன்றிய பிரின் ஆக்சிஜன் நிறுவனம் 1906இல் பிரிட்டிஷ் ஆக்சிஜன் நிறுவனமாகப் பெயர் மாறி, காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் கார்ல் லிண்டேயின் முறையைக் கைக்கொண்டு வளர்ந்தது. அதன் துணையோடு 1935இல் கல்கத்தாவில் இந்தியன் ஆக்சிஜன் அண்டு அசிட்டிலீன் நிறுவனம் பதிவாயிற்று. அதுவே இன்றைய லிண்டே இந்தியாவின் முன்னோடி. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் 1940இல் எரிவாயு உருளை விதிகள் வந்தன; பின்னர் 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் அவை புதிதாக இயற்றப்பட்டன. ஆக்சிஜன் போன்ற வாயுக்களின் உருளையைக் குறித்த கால இடைவெளியில் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்து, சோதனை நாளை அதன் தோளிலேயே பொறிக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் நடைமுறை. முன்பணம், நாள் வாடகை, திருப்பித் தராமல் வைத்திருந்தால் தாமதக் கட்டணம் என்னும் வணிக வழக்கங்கள், சட்டம் உரிமையாளர் மேல் சுமத்திய இந்தப் பொறுப்பை ஒட்டியே வளர்ந்தன எனலாம். கறுப்பு உருளை ஆக்சிஜன், மெரூன் நிற உருளை அசிட்டிலீன் என்ற வண்ண வழக்கம் தமிழகத்துப் பட்டறைச் சிறுவனுக்கும் தெரிந்தது. எனினும் வாடகை கட்டுப்படியாகாத சிற்றூர்களில், கார்பைடையும் தண்ணீரையும் ஒரு இரும்புக் கலத்தில் இட்டு அங்கேயே வாயு தயாரித்துக்கொள்ளும் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. சொந்தக் கலத்தின் ஆபத்தா, பிறர் உருளையின் வாடகையா என்பதே அங்கே இருந்த தேர்வு.

மின்வில் பற்றவைப்பில், அதாவது மின்முனைக்கும் உலோகத்துக்கும் இடையே எழும் மின்பொறியின் வெப்பத்தால் உருக்கி இணைக்கும் முறையில், உடைமை உறவு வேறு விதமாக அமைந்தது. ருஷ்யாவில் பெனார்டோசும் ஸ்லாவியானோவும் 1880களில் தொடங்கிவைத்த அம்முறைக்கு, பூச்சுக் கம்பியை உருவாக்கி 1904இல் எசாப் நிறுவனத்தை நிறுவிய ஆஸ்கர் ஷெல்பெர்க் தொழில்வடிவம் தந்தார். பட்டறையினர் ராடு என்று சொல்லும் அக்கம்பியின் பூச்சு எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மாறி உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காத்தது. இங்கே எந்திரத்தை விலைக்கு வாங்கித் தன்னோடு வைத்துக்கொள்வது எளிது. அதன் விளைவாக அமெரிக்காவின் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளில் வாடகை தலைகீழாயிற்று: லிங்கன் நிறுவனத்தின் எஸ்.ஏ.200 போன்ற, எஞ்சினால் இயங்கும் எந்திரத்தைத் தம் சொந்தச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் தொழிலாளிக்கு, உழைப்புக் கூலி ஒரு கணக்காகவும் வண்டிக்கும் எந்திரத்துக்குமான வாடகை வேறொரு கணக்காகவும் ஒப்பந்தக்காரர் தருகிறார். தொழிலாளியே வாடகைக்கு விடுபவராகும் இவ்வழக்கம் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

நுண்மை என்னும் தேவை இத்தொழிலுக்குள் புகுந்தது வானூர்திகளின் வழியாக. நார்த்ராப் நிறுவனத்தின் ரசல் மெரிடித், எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைக்கும் பொருட்டு, உருகாத டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவின் காப்பையும் சேர்த்து 1940களின் தொடக்கத்தில் ஒரு கைப்பிடியை உருவாக்கினார். ஹீலியத்தின் இடத்தைப் பின்னர் பெரும்பாலும் ஆர்கான் பிடித்துக்கொண்டது. தமிழகத்துப் பட்டறைகளில் டிக் வெல்டிங் என்பதைவிட ஆர்கான் வெல்டிங் என்ற பெயரே மிகுதியாக வழங்குவதற்கு அதுவே காரணம். கசடு இல்லாத, மெல்லிய, தூய இணைப்பு இம்முறையால் கைகூடியது. ஆனால் அது முற்றிலும் ஒரு மனிதரின் கை நடுங்காமையைச் சார்ந்திருந்தது.

1960களில் வானூர்திகளின் எண்ணெய் அழுத்தக் குழாய்களுக்காக உருவான சுற்றுப்பாதைப் பற்றவைப்பு, அதாவது ஆர்பிட்டல் வெல்டிங், அந்தக் கையை எந்திரத்துக்கு மாற்றியது. குழாய் அசையாமல் நிற்க, அதைக் கவ்வும் மூடிய தலைப்பகுதிக்குள் டங்ஸ்டன் முனை அதைச் சுற்றி வருகிறது. சுற்றச் சுற்றக் குழாய் சூடேறுவதால் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உருகிய உலோகம் மேலேயும் பக்கவாட்டிலும் கீழேயும் இருக்கும்போது புவியீர்ப்பு அதை வெவ்வேறு விதமாக இழுப்பதால் சுற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகளை நிரலில் எழுத வேண்டும். குழாயின் உட்புறத்திலும் ஆர்கானை ஓடவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றாவிட்டால் உட்சுவரில் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறும். மருந்து ஆலைகளில் அந்நிறமேற்றம் அரிப்புக்கு இடம் கொடுக்கும் குறையாகக் கருதப்படுகிறது. மருந்து, பால், குறைகடத்தித் தொழிற்சாலைகள் இம்முறையை நாடியதற்கும், அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம் 1997இல் உயிர்மருந்துக் கருவிகளுக்கென்றே ஒரு தர விதித்தொகுப்பை வெளியிட்டதற்கும் இதுவே பின்னணி.

வாடகை வணிகம் உருளையின் காலத்து வலிமையை மீண்டும் பெற்றது இங்கேதான். ஓர் ஆலையில் குழாய் அமைக்கும் பணி சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும். அடுத்த ஆலையின் குழாய் விட்டம் வேறாக இருக்கும், அதற்கு வேறு தலைப்பகுதியும் வேறு கவ்விகளும் வேண்டும். இவை அனைத்தையும் சொந்தமாக வாங்கி வைப்பது பெரிய ஒப்பந்தக்காரருக்கும் கட்டுப்படியாகாது. அதோடு, எந்திரம் காட்டும் மின்னோட்டமும் வேகமும் உண்மையானவை என்பதற்கு அளவீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று ஆலை உரிமையாளர் கேட்கிறார். அச்சான்றிதழைக் காலந்தோறும் புதுப்பித்து வைத்திருப்பது வாடகைக்கு விடுபவரின் வேலையாயிற்று. எடுப்பவர் பணி தொடங்கும் முன் மாதிரி இணைப்பு ஒன்றைச் செய்து, அதை அறுத்து உட்புறத்தைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். வாடகைப் பணத்தில் எந்திரத்தின் தேய்மானம் ஒரு பகுதிதான். ஒரு பங்கு சான்றிதழுக்கும் போகிறது.

இதற்கிடையே எளிய எந்திரங்கள் வாடகைச் சந்தையிலிருந்து விலகத் தொடங்கின. 50 சுழற்சி மின்னோட்டத்தில் இயங்கிய பழைய மின்மாற்றி எந்திரங்களை நகர்த்தவே ஆள் வேண்டும். மின்னோட்டத்தைப் பல்லாயிரம் சுழற்சிக்கு உயர்த்தினால் மின்மாற்றியைச் சிறிதாக்கலாம் என்ற கொள்கையில் அமைந்த இன்வெர்ட்டர் எந்திரத்தைப் பின்லாந்தின் கெம்ப்பி நிறுவனம் 1977இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோளில் தொங்கவிடக்கூடிய அத்தகைய எந்திரங்கள் நாளடைவில் மலிந்தபின், தெருமுனைக் கதவு-சன்னல் பட்டறைக்காரர் வாடகை தேடுவதற்கான காரணம் பெரிதும் குறைந்தது.

தமிழகத்தில் இம்மாற்றங்களைத் தெளிவாகக் காணத்தக்க இடம் திருச்சிராப்பள்ளி. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு திருவெறும்பூரில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) உயரழுத்தக் கொதிகலன் ஆலை, ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகளால் ஆன கொதிகலன்களைச் செய்தது. அதைச் சுற்றித் துவாக்குடி முதலிய இடங்களில் துணைத் தொழிற்கூடங்கள் பெருகின. 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1950ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளை ஒட்டி, கொதிகலன் பணிக்கு வரும் வெல்டர் தேர்வில் தேறித் தகுதி பெற வேண்டும். குரோமியம் கலந்த உயர்வெப்ப எஃகுகளில் இணைப்பு முடிந்தபின் அந்தப் பகுதியை மட்டும் 760 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டியிருப்பதால், பீங்கான் சூடேற்றுப் பட்டைகளும், வெப்ப உணர்விகளும், வெப்பநிலையை நேரத்தோடு தாளில் வரைந்து காட்டும் பதிவுக் கருவியும் தேவைப்படுகின்றன. இவற்றைச் சிறு ஒப்பந்தக்காரர் வாங்குவதைவிட, ஆளோடு சேர்த்து வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே இயல்பு. பணி முடிந்ததும் அவர் கையில் மிஞ்சுவது பதிவுத் தாள் ஒன்றே, அதைத்தான் ஆய்வாளரும் கேட்பார்.

எந்திரத்தைப் பணியிடத்துக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் வாடகை வேறு உருவம் கொள்கிறது. 1950களில் ஜெர்மனியில் ஸ்டைகர்வால்டும் பிரான்சில் ஸ்டோரும் வளர்த்தெடுத்த மின்னணுக் கற்றைப் பற்றவைப்புக்குப் பெரும்பாலும் காற்றை முழுதும் உறிஞ்சி எடுத்த கூடம் தேவை. அத்தகைய கூடத்தை வண்டியில் ஏற்றி அனுப்ப இயலாததால் பொருளைத்தான் அனுப்ப வேண்டும். பணத்தை எந்திர நேரத்துக்கு மணிக்கணக்கில் வாங்குவதால் இதுவும் வாடகையே. ஆனால் கோயம்புத்தூர்க் கடைசல் பட்டறைகள் நெடுங்காலமாக வழங்கும் ஜாப் ஒர்க் என்னும் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. அண்மையில் சந்தைக்கு வந்திருக்கும் கைப்பிடி லேசர் எந்திரங்கள் மறுபடியும் வண்டியில் ஏறிப் பணியிடத்துக்குப் போகின்றன. அவற்றின் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சாதாரண வெல்டிங் கண்ணாடி அதைத் தடுக்கும் என்று நம்பிவிட முடியாது. எனவே அவற்றை வாடகைக்கு விடுவோர், அந்த அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடியையும் பணியிடத்தைச் சுற்றி மறைக்கும் திரையையும் எந்திரத்தோடு சேர்த்தே கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது.