கூழ்ம வெள்ளி

1 முதல் 100 நானோமீட்டர் வரை குறுக்களவுள்ள வெள்ளித் துகள்கள், கரையாமலும் அடியில் படியாமலும் நீரில் மிதந்து நிற்பது கூழ்ம வெள்ளி. நீர்த்த நிலையில் இது பெரும்பாலும் இளமஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றும். பாக்டீரியாவைக் கொல்லும், ஆய்வுக்கூடத்தில் சில வைரஸ்களையும் முடக்கும். குடித்தால் நோய் தீரும் என்பதற்குச் சான்று இல்லை.

பெரும்பகுதி வேலையைச் செய்வது துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி. பாக்டீரியாவின் புரதங்களில் கந்தகம் உள்ள இடங்களை அது பற்றிக்கொள்ள, சுவாச நொதிகள் நின்றுபோகின்றன. செல்லின் உறையும் பழுதாகிறது. மிகச் சிறிதளவு உலோகமே நுண்ணுயிரைக் கொல்லும் இப்பண்பை விளக்கி, சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகேலி எழுதியது 1893-இல், அவர் இறந்தபின் வெளிவந்தது. இப்படிக் கொல்ல வெள்ளிக்கு நேரம் பிடிக்கும். வெள்ளிப் பாலாடையில் ஊற்றிய பால் சில நிமிடங்களில் குழந்தையின் வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஆகவே பாலாடையை வெந்நீரில் கழுவாமல் விட இந்தப் பண்பு காரணமாகாது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் செல்லும் ரயில் பாதையில் உள்ள பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இயங்குகிறது. அங்கு க. கதிரேசன் குழுவினர் வெள்ளி நுண்துகளை உயிரிகளைக் கொண்டே உருவாக்கினர். அலையாத்திக் காட்டு மண்ணில் வாழும் பெனிசிலியம் பூஞ்சை வளர்ந்த நீரில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தபோது 5 முதல் 25 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைத் துகள்கள் கிடைத்ததை 2009-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, செசுவியம் என்னும் உவர்நிலப் பூண்டின் சாற்றிலும் துகள்களை உண்டாக்கிச் சோதித்தனர். அவை பூஞ்சைகளைவிட பாக்டீரியாக்களையே கூடுதலாகத் தடுத்தன. இவை கண்ணாடித் தட்டில் நடந்த சோதனைகள். நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தவை அல்ல.

வெள்ளி உறுதியாகப் பயன்படும் இடம் குடிநீர். உமிச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றிய டாடா ஸ்வச் வடிகட்டி 2009 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. சென்னை ஐஐடியில் த. பிரதீப் குழு 2013-இல் வெளியிட்ட வடிகட்டிப் பொருள், லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் அயனியை மட்டும் சீராகக் கசியவிடுவது. இந்தியத் தரநிலை குடிநீரில் அனுமதிக்கும் உச்ச அளவு 100 மைக்ரோகிராம். தீக்காயங்களுக்குத் தடவும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 1968 முதல் அறியப்பட்டது.

உடலுக்குள் நிலைமை வேறு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில், குளோரைடு உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு திரளும். குளோரைடும் புரதமும் நிறைந்த இரத்தத்திலும் அயனி அதேபோல் கட்டுண்டு வலுவிழக்கிறது. வைரஸைத் தடுக்கும் அளவுக்கும் மனித செல்லைக் கெடுக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியும் குறுகியது. 10 நானோமீட்டர் அளவுத் துகள்கள் கொரோனா வைரஸை 1 முதல் 10 பிபிஎம் செறிவில் தடுத்ததாக 2020-இல் யோகோஹாமா ஆய்வாளர்கள் காட்டினர். 20 பிபிஎம்மிலேயே அவை மனித செல்களையும் கெடுக்கத் தொடங்கின.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருந்துச்சீட்டு இன்றி விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவையாகவோ பலன் தருபவையாகவோ ஏற்க முடியாதென 1999-இல் அறிவித்தது. தொடர்ந்து உட்கொண்டால் வெள்ளி தோலில் படிந்து, வெளிச்சம் பட்டு, உடல் நீலச்சாம்பல் நிறமாகிறது. ஆர்ஜிரியா எனப்படும் இந்நிறம் பெரும்பாலும் மறைவதில்லை. தேர்தலில் விரலில் இடும் மையும் சில்வர் நைட்ரேட்டால் இதே வகையில்தான் கறுக்கிறது. ஆனால் அந்தக் கறை மேல்தோலிலும் நகத்திலும் மட்டுமே இருப்பதால், நகம் வளர வளரக் கழிந்துபோகிறது.

பாக்டீரியா வெள்ளிக்குப் பழகியும் விடுகிறது. 1975-இல் மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் வெள்ளியை எதிர்த்து நிற்கும் சால்மொனெல்லா கண்டறியப்பட்டது. எதிர்ப்புக்குரிய மரபணுக்கள், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடிய பிளாஸ்மிடில் இருந்தன.