கோவை கரிவரதன்: பந்தயக் காரின் விலையைக் குறைத்தவர்

'ஸ்பீட்வே' என்று மேலைநாடுகளில் ஒரு பைக் பந்தயம் உண்டு. மண் தரையில் நான்கு பேர், நான்கு சுற்று. 500 சிசி வண்டி, ஆனால் பிரேக் கிடையாது! அந்தப் பந்தயம் நம் ஊரில் வேரூன்றவில்லை. ஆனால் அதே பெயரில் கோவை செட்டிபாளையத்தில் ஒரு பந்தயத் தளம் இருக்கிறது: கரி மோட்டார் ஸ்பீட்வே. யார் இந்த கரி?

முழுப்பெயர் சுந்தரம் கரிவரதன். 1954-இல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்து வாரிசு. பஞ்சாலைக் கணக்கு பார்த்தே காலம் தள்ளியிருக்கலாம். அவர் மனமோ சோழவரத்தில் இருந்தது. சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் அன்று பைக்கும் காரும் போட்டி போட்டன. கரிவரதனும் அங்கே கார் ஓட்டினார்.

அந்தக் காலத்தில் பந்தயக் கார் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இறக்குமதி வரியோ கடுமை. ஆகவே திறமை இருந்தும் பணம் இல்லாதவர் வேடிக்கைதான் பார்க்க முடியும். கரிவரதன் கை வைத்தது இந்த இடத்தில்தான். தெருவில் ஓடும் மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே வடிவமைத்தார். 1988-இல் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. உதிரி பாகம் எளிதில் கிடைக்கும், செலவும் குறைவு. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வண்டி என்பதால், வென்றது பணமா திறமையா என்ற சந்தேகமும் குறைந்தது.

அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம். டயர் பிரச்சினையால் ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது என்றாலும், ஐந்து புள்ளிகள் புள்ளிகள்தானே!

இதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 41. செட்டிபாளையம் தளம் அவர் பெயரில் திறக்கப்பட்டது அதன் பிறகுதான். கார்களோடு பைக்குகளும் அங்கே பந்தயம் ஓடுகின்றன.

கடலூர் - சிதம்பரம் சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே வண்டியை முறுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வேகத்துக்கென்று தனி இடமும், கைக்கு எட்டும் விலையில் வண்டியும் வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு மில் முதலாளியின் மகன் தன் வாழ்நாளைச் செலவழித்தார்.