திரும்பி வராத விடைத்தாள்

ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ கல்லூரிக்குப் போகும் மாணவரின் எழுத்தை மதிப்பிடும் முறைக்கு 1857-லேயே அடித்தளம் போட்டாகிவிட்டது. அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. கற்பிப்பது கல்லூரி, மதிப்பிடுவது பல்கலைக்கழகம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானபோது தூரம் குறைந்தது, ஏற்பாடு மாறவில்லை. மூன்று மணி நேரம் எழுதிய தாள் கட்டாகப் போகும். மதிப்பெண் வரும், தாள் தானாகத் திரும்பி வராது. தன் வாதம் எங்கே இடறியது என்று மாணவருக்குப் பெரும்பாலும் தெரியாது. எழுத்துப் பயிற்சி நோட்ஸ் மனப்பாடமாகச் சுருங்கியதற்கு மாணவரின் சோம்பலைவிட இந்தப் பிரிவினையே காரணம் என்பேன்.

முகம் தெரியாதவர் திருத்தினால்தானே சாதியும் சிபாரிசும் நுழையாது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இறுதித் தேர்வுக்கு அந்தத் திரை வேண்டும்; ஆனால் ஆண்டு முழுதும் எழுதவைத்து, திருத்தி, மறுபடி எழுதவைப்பதை அது தடுக்கவில்லையே. அகமதிப்பீடு வந்தும் பல இடங்களில் அது இன்னொரு சிறு தேர்வாகவே நின்றுவிட்டது. நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்திருக்கிறது. தமிழ் மாணவர் அந்தப் பட்டியலை ஒப்பித்து மதிப்பெண் வாங்குகிறார். அவருடைய கட்டுரையை அதை வைத்து யாரும் உரசிப் பார்ப்பதில்லை! ஆய்வு நிலையிலும் நிலைமை வேறல்ல: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. ஆனால் ஒப்புமையை அளக்கும் மென்பொருள் கண்டுபிடிப்பது பிறர் வரிகளை மட்டுமே. வாதம் நிற்கிறதா என்பதை ஆசிரியர்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.