துணைக்கு யார் வருவது?

தாயில்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு திண்ணை உண்டு. பயராபீஸ் விட்டு வரும் பெண்கள் வீட்டுக்குள் போகும் முன்பு கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு விடும் இடம். போன பொங்கலுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் அங்கே ஒரு விவாதம் நடந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவர் அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கியவர். அவளுடைய குடியேற்ற விசாவுக்கு மும்பைத் தூதரகத்தில் நேர்காணல் என்று கடிதம் வந்திருந்தது.

"அவுகளும் அங்கிருந்து கூட வரணுமா மதினி?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணை பதில் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றால்தான் மதிப்பு என்றார் ஒரு அத்தை. போக வர ஆகிற காசில் நகை எடுக்கலாம் என்றார் இன்னொருவர். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்பது அவளுடைய அப்பாவின் கவலை. நடைமுறை விடை சுருக்கமானது. மனு போட்ட கணவர் அந்த நேர்காணலுக்கு வந்தாக வேண்டும் என்று விதி இல்லை. கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவள் அவள்தான். இதைச் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்லையில் ஒரு மனைவி நிறுத்தப்படும்போது பக்கத்தில் கணவன் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அதில் நம் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் தொடங்கலாம். ஹசன் ஈசாப் அங்கே வசிக்கும் உரிமை பெற்ற இந்தியர். அவர் மனைவி பாய் மரியம் நாட்டுக்குள் வர அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார்: பல மனைவியரை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் திருமணமாக ஏற்காது. ஒரே தீர்ப்பில் இந்து, முஸ்லிம், பார்சித் திருமணங்கள் எல்லாம் செல்லாதவை ஆகிவிடும் நிலை வந்தது. கணவன் கூட இருந்தான், கணவனுக்கு உரிமையும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

அதன் பிறகு நடந்ததை நாம் பாடப்புத்தகத்தில் காந்தியின் கதையாகப் படித்தோம். அந்த ஆண்டு செப்டம்பரில் கஸ்தூரிபா உட்பட ஃபீனிக்ஸ் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிச் சிறை போனார்கள். டிரான்ஸ்வாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது, இவர்கள் கைதானார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது பதினாறு. அவளுக்குத் திருமணமே ஆகவில்லை. மற்றவர்களுடைய திருமணம் செல்லும் என்பதற்காக உயிரைக் கொடுத்த பெண் அவள். தியாகி என்று சிலை வைக்கும் நாம் இதைச் சொல்லிக்கொள்வதே இல்லை. 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருவருக்கு ஒரு மனைவியை மட்டும் ஏற்றது. அந்த ஒருத்திக்கு வெளியே நின்றவர்களுக்காக யாரும் சிறை போகவில்லை.

எது திருமணம் என்று அரசு சொல்வது வெளிநாட்டு வழக்கம் மட்டுமல்ல. எங்கள் மாவட்டத்திலேயே, அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில், 1928இல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகுதான் அவை சட்டப்படி செல்லுபடியாயின. நடுவில் இருந்த நாற்பது ஆண்டுகளில் மனைவியாக வாழ்ந்த பெண்கள் சட்டத்தின் முன் என்னவாக இருந்தார்கள்? பாய் மரியத்தின் இடத்தில்தான்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் கதை வேறு மாதிரி. 1949ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கேட்கும் மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு தொடர் வசிப்பு கேட்டது. மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே வசித்திருக்க வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மாதங்கள்கூட விசாரணையில் சந்தேகத்துக்கு இடமாயின. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அங்கே அது கணவனின் விண்ணப்பத்துக்கே குந்தகம். 1964 அக்டோபர் 30 அன்று சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் யார் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பெரும்பாலும் குடும்பத் தலைவனின் தாள்தான் முடிவு செய்தது.

தாளை நம்பாமல் உடம்பைக் கேட்ட காலமும் உண்டு. 1979 ஜனவரி 24 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் இறங்கினார். அங்கே குடியிருக்கும் இந்தியர் ஒருவரை மணக்க வந்திருந்தார். அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி மனைவியாக வருபவர் முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் மணம் செய்யப்போகும் பெண்ணுக்கு அது வேண்டாம். இவள் ஏற்கெனவே மணமானவளோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். ஆண் மருத்துவர் ஒருவர் அவருடைய பிறப்புறுப்பைச் சோதித்தார். கன்னி என்றால் மணமாகாதவள், உள்ளே போகலாம். இந்தியப் பெண் என்றால் மணமாகும் வரை கன்னியாகத்தான் இருப்பாள் என்பது அவர்களுடைய கணக்கு. நம் ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கும் அதுதானே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டது. ஆசியப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் ஹீத்ரோவில் போராட்டம் நடத்தினார்கள். உள்துறைச் செயலர் மெர்லின் ரீஸ் சோதனையை நிறுத்த உத்தரவிட்டார். எங்கோ ஒன்றிரண்டு நடந்துவிட்டது என்ற தோரணையில் அரசு பேசியது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மரினெல்லா மார்மோ, எவன் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரசு ஆவணக் காப்பகக் கோப்புகளைப் புரட்டினார்கள். 1970களின் பிற்பகுதியில் இந்தியத் துணைக்கண்டத்திலேயே, பிரிட்டிஷ் தூதரகங்களுக்கு விண்ணப்பித்த குறைந்தது 80 பெண்களுக்கு இந்தச் சோதனை நடந்திருந்தது. விமானம் ஏறுவதற்கு முன்பே, நம் மண்ணிலேயே. அந்தப் பெண்களுக்குத் துணையாக அப்பாவோ அண்ணனோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். உள்ளே நடந்ததை அவர்களிடம் எத்தனை பேரால் சொல்லியிருக்க முடியும்?

சோதனை போனது, சந்தேகம் போகவில்லை. 1980இல் பிரிட்டன் அதை ஆண்கள் பக்கம் திருப்பியது. வெளிநாட்டிலிருந்து வரும் கணவன், குடியேறுவதே முதன்மை நோக்கமாக மணம் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? கணவனை தில்லியிலோ டாக்காவிலோ கேட்பார்கள், மனைவியை பிரிட்டனில் கேட்பார்கள், இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு தேதி பொருந்தாவிட்டால் போயிற்று. அமெரிக்காவின் ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை சீனர்களை இப்படித்தான் கேட்டார்கள்: உன் ஊரில் உன் தெருவில் எத்தனை வீடு, அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்று. கணவனையும் மனைவியையும் பிரித்து உட்காரவைப்பது அந்த முறையின் உயிர்நாடி.

பிரிட்டனில் குடியிருந்த அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கந்தலி என்ற மூன்று பெண்கள் தங்கள் கணவர்களைத் தங்களோடு சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். ஆணுக்கு மனைவியை அழைத்துவர எளிய விதி, பெண்ணுக்குக் கணவனை அழைத்துவரக் கடினமான விதி, இது பாலினப் பாகுபாடு என்று 1985 மே 28 அன்று தீர்ப்பு வந்தது. பெண்கள் வென்றார்கள். பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு விதியைத் தளர்த்தவில்லை, ஆண்களுக்கும் இறுக்கியது. சமத்துவம் வந்துவிட்டது. முதன்மை நோக்க விதி 1997இல்தான் நீங்கியது.

இவ்வளவு எழுதிய பிறகு, தனியாகக் கேட்பது எல்லாமே கொடுமை என்று முடித்துவிடத்தான் கை போகிறது. அது முழு உண்மை அல்ல. 1986இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், புதிதாக மணமாகி வந்தவருக்கு இரண்டு ஆண்டு நிபந்தனைக் குடியுரிமம் மட்டும் தந்தது. அது முடியும்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். அடிக்கும் கணவனின் கையெழுத்து இல்லாமல் அவள் அங்கே இருக்க முடியாது. "கையெழுத்துப் போட மாட்டேன்" என்ற ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் பெல்ட்டின் வேலையைச் செய்திருக்கும். 1990இல் அதற்கு விலக்கு வந்தது. 1994இல் வந்த சட்டம், துன்புறுத்தப்பட்ட மனைவி கணவனுக்குத் தெரியாமலே தனக்காகத் தானே மனுப் போட வழி செய்தது. ஆக, கணவன் கூட இருந்தே தீர வேண்டும் என்ற விதிதான் அங்கே ஆபத்தாக இருந்தது. கணவன் இல்லாத ஓர் அறை சில பெண்களுக்கு வாயைத் திறக்கக் கிடைத்த ஒரே இடம்.

இன்னொரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த வழக்கறிஞர் சாண்ட்ரா முன்யோஸ் அமெரிக்கக் குடிமகள். அவருடைய கணவருக்கு எல் சால்வடோர் தூதரகத்தில் விசா மறுத்தார்கள். 2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, வாழ்க்கைத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோருவது குடிமக்களின் அடிப்படை உரிமை இல்லை என்று. குடிமகளே எதிரில் நின்றாலும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அவர் மூன்றாம் மனிதர்.

இதையெல்லாம் திண்ணையில் அப்படியே சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு. "அவுக சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்ல? முன்னால எந்த ஊர்ல இருந்தாகன்னு கேட்டா?" கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து இருந்தது 26 நாள். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், ஆல்பம், போன் பேச்சுப் பதிவுகள், அவர் தயாரித்து அனுப்பிய தாள்கள் எல்லாம் மாமனார் வீட்டு பீரோவில் இருந்தன. அவள் அதுவரை எதையும் படித்துப் பார்த்ததில்லை.

முதலில் கோப்பை வாங்கி வரச் சொன்னேன். மாமியார் கொஞ்சம் முகம் சுளித்தாராம், கொடுத்துவிட்டார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வாசித்தோம். அவருடைய வருமான வரித் தாள், வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு. அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கேள்விகளை எழுதினாள். மாப்பிள்ளை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மும்பைக்கு அம்மா கூடப் போவதாக ஏற்பாடு. "உள்ள விடமாட்டாகளாமே" என்றார் அம்மா, பயராபீஸில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்து. "வெளிய நிக்கேன். நின்னு பழக்கந்தான."

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அமெரிக்காவில் அவர். பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். இவள் பென்சிலைப் பல்லில் கடித்தபடி அடுத்த கேள்விக்குப் போனாள்:

"சரி, அது இருக்கட்டும். இந்தத் தாள்ல ஒரு லோன் இருக்கு, யாருக்கு வாங்குனீக?"